நாற்பது பீப்பாய் மைல்டு

எட்னா ரேபோல்டுக்குப் பிப்ரவரியிலிருந்தே முழுத் தூக்கம் என்று ஒன்று கிடையாது. கணவன் ஆர்ச்சி இருபத்தெட்டு வருடம் இரும்பு வார்ப்பாலையில் வேலை பார்த்தவன். அங்கே சுவாசித்த தூசியெல்லாம் நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, ஐம்பத்திரண்டு வயதில் ஆளைக் கட்டிலோடு கிடத்திவிட்டது. மாடிப்படி ஏற முடியாது என்பதால் முன்னறையிலேயே கட்டிலைப் போட்டிருந்தார்கள். இரவில் மூன்று தடவையாவது அவனை நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். எட்னா பக்கத்து நாற்காலியில் கோட்டைப் போர்த்திக்கொண்டு படுப்பாள். படுப்பது என்றால், கண்ணை மூடிக்கொண்டு அவன் மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதுதான்.

ஜூலை பிறந்ததும் அவன் முதுகில் படுக்கைப் புண் வைக்கத் தொடங்கியது. ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, சைக்கிளில் வரும் நர்ஸ் பார்த்துவிட்டு, பழைய தைலத்தை நிறுத்திவிட்டு வேறொரு பாட்டிலைக் கொடுத்துப் போனாள். மறுநாள் காலை ஐந்து மணிக்கு எட்னா அதை எடுத்து அவன் முதுகிலும் இடுப்பிலும் தேய்த்தாள்.

"சில்லுனு இருக்கு, புள்ள," என்றான் ஆர்ச்சி.

"இருக்கட்டும். பேசாதே, இருமல் வரும்."

கையை அவசரமாகக் குழாயில் காட்டிவிட்டு, வெறும் ரொட்டி ஒரு துண்டைத் தின்றாள். தேநீர் குடிக்கவில்லை. புதன்கிழமைகளில் அவள் குடிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, கால்வாய்க் கரையோடு நடந்து க்ரம்ப்டன் பீர் ஆலைக்குப் போனாள்.

ஆலையில் அவளுக்கு வேலை பாட்டில்களுக்கு லேபிள் ஒட்டும் கூடத்தில். ஆனால் புதன்கிழமை பதினோரு மணிக்கு மட்டும் அவள் ஏப்ரனைக் கழற்றி மாட்டிவிட்டு, மாடியில் மிஸ்டர் ஹாலிஸின் அறைக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறைக்குப் போவாள். பீர் காய்ச்சும் பொறுப்பு முழுவதும் ஹாலிஸுடையது. பதின்மூன்று வருடத்துக்கு முன் அவர் ஆலையில் இருந்த அத்தனை பேரையும் வரிசையில் நிறுத்தி, தண்ணீரில் ஏதேதோ சொட்டுக் கலந்து கொடுத்து, என்ன ருசி என்று கேட்டார். நூற்று நாற்பது பேரில் எல்லாவற்றையும் சரியாகச் சொன்னது எட்னா ஒருத்திதான். அன்றிலிருந்து 'மைல்டு' என்கிற கறுப்பு பீர் ஒவ்வொரு தொட்டியும் அவள் நாக்கைத் தாண்டித்தான் வெளியே போகும். அதற்காக அவள் வாசனைச் சோப்பை விட்டாள், பவுடரை விட்டாள், உதட்டுச் சாயத்தை விட்டாள். லேபிள் கூடத்துப் பெண்கள் அவளை 'மகாராணி நாக்கு' என்று கேலி செய்வார்கள். அவளுக்கு அது பிடிக்கும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அன்று மேசையில் மூன்று கிளாஸ்கள் இருந்தன. நிலவறைக் கண்காணிப்பாளர் பெர்சி வூட்ரிட்ஜ் முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். ஹாலிஸ் ஜன்னலருகே ஒரு கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மேசைமேல் இருக்கும்போது வரக்காப்பி போல் கறுப்பு. வெளிச்சத்தில் தூக்கினால் அடியில் மாதுளைச் சிவப்பு தெரியும். மைல்டு அப்படித்தான் இருக்க வேண்டும்.

"ராத்திரி தூங்குனீங்களா, மிஸஸ் ரேபோல்ட்?" என்று கேட்டார் ஹாலிஸ்.

"தூங்குனேன் சார்," என்று பொய் சொன்னாள்.

"ஆர்ச்சி?"

"அப்படியேதான் இருக்காரு."

பெர்சி முதலில் குடித்தார். பாதி கிளாஸ் ஒரே மூச்சில் போயிற்று.

"சொல்லுங்க பெர்சி."

"என்னத்தச் சொல்ல சார்? எப்பவும் போலத்தான். தொண்டையில எறங்குறதே தெரியல. இந்த வெயிலுக்குப் பசங்க குளிக்கவே செய்வாங்க இதுல."

எட்னா கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாள். வறுத்த பார்லி வாசனை, அதற்குக் கீழே பாகு காய்ச்சும் வாசனை, கொஞ்சம் பருப்புத் தோல் வாசனை. எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. கிளாஸின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்தாள். லேபிள் கூடத்துத் தூசிக்குப் பயந்து எப்போதோ தொற்றிக்கொண்ட பழக்கம் அது. பிறகு ஒரு வாய் குடித்தாள். முதலில் லேசான இனிப்பு. அது போனதும் கருக வறுத்த ரொட்டி ஓரத்தின் கசப்பு, அதுவும் மென்மையாகத்தான். மைல்டு அடித்துப் பேசும் பீர் அல்ல. வேலை முடிந்து வந்தவனோடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பீர். விழுங்கினாள். விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரித் தாழ்வாரம் போல் ஒரு நெடி.

மறுபடி குடித்தாள். மறுபடியும் வந்தது.

"என்ன?" என்றார் ஹாலிஸ். அவள் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியும்.

"மருந்து ருசி சார். தொட்டி கழுவுற மருந்து மாதிரி. கடைசியில வருது."

"மூக்குல வருதா?"

"மூக்குல இல்ல. நாக்குல."

பெர்சி தன் கிளாஸைப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே, எட்னா."

நாலு வருடத்துக்கு முன்னால் இதே மேசையில் அவள் ஒரு தொட்டியைப் புளிப்பு என்றாள். ஹாலிஸுக்கு அது தெரியவில்லை, பெர்சிக்கும் தெரியவில்லை. அனுப்பிவிட்டார்கள். பத்தே நாளில் அறுபது பப்புக் கடைகளிலிருந்து பீப்பாய்கள் திரும்பி வந்தன. அதை ஹாலிஸ் மறக்கவில்லை. தன் கிளாஸை எடுத்து மெதுவாக ஒரு வாய், இன்னொரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆமா," என்றார் கடைசியில். "லேசா இருக்கு."

பெர்சியும் மிச்சத்தைக் குடித்தார். "நீங்க சொன்னப்புறம் எனக்கும் தெரியுது சார். மொத வாய் அவசரமா குடிச்சுட்டேன்."

அன்று பிற்பகலே வரிக் கணக்குக்காகச் சுங்க அதிகாரி வந்து நிற்க, தொட்டியைத் திறந்துவிட்டார்கள். நாற்பது பீப்பாய் மைல்டு முற்றத்துச் சாக்கடையில் இறங்கிற்று. கால்வாயில் பழுப்பு நுரை மிதந்தது. வண்டிக்காரர்கள் சவ ஊர்வலத்துக்கு நிற்பதுபோல் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு நின்றார்கள். முதலில் விளையாட்டாகத்தான் செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் ஊரின் வார்ப்பாலைகள் எல்லாம் இரண்டு வாரம் மூடும் பெரிய விடுமுறை. அதற்கு முந்தைய வார இறுதியில் பப்புகளில் மைல்டு இருக்காது.

அந்தத் தொட்டியைக் கழுவியது ஹோரஸ் ட்ரோமன்ஸ். தொட்டியின் சின்ன வாசல் வழியாக உள்ளே நுழையக்கூடிய உடம்பு ஆலையில் அவனுக்குத்தான் இருந்தது. பதினோரு வருடமாக வாளியோடும் பிரஷ்ஷோடும் உள்ளே இறங்கி ஏறுகிறவன். முற்றத்தில் எல்லோர் முன்னாலும் பெர்சி அவனை நிறுத்தினார்.

"அலசுனியா இல்லையா?"

"அலசுனேன். மூணு தடவ."

"அப்புறம் மருந்து எப்படிப் பீருக்கு வந்துச்சு? தானா நீந்தி வந்துச்சா?"

"எனக்கென்ன தெரியும்? நான் அலசுனேன்."

"மிஸ்டர் ஹாலிஸ் முடிவு பண்ற வரைக்கும் வீட்டுக்குப் போய் இரு."

ஹோரஸ் தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு போனான். லேபிள் கூடத்து ஜன்னலைத் தாண்டும்போது எட்னா இருக்கும் பக்கம் திரும்பவில்லை. அவளும் லேபிள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. களைப்பில் யாரும் தவறுவார்கள் என்று நினைத்தாள். கால் வலித்தது. வீட்டுக்குப் போக இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவள் வீட்டுக்குள் நுழைந்ததும் ஆர்ச்சி மூச்சு வாங்கச் சிரித்தான்.

"கேட்டியா? பெல்லோஸ் பப்புல மைல்டு தீந்துபோச்சாம். இருக்குற ஒரே பீப்பாய ஆளுக்கு ஒரு கிளாஸ்னு அளந்து ஊத்துறாளாம் ஐடா. ஹோரஸுக்குப் பேரே மாறிப்போச்சு. 'சோப்பு ஹோரஸ்'."

"யாரு சொன்னா?"

"வந்தவன் போனவன் எல்லாம். பாவம் அவன். தொட்டியில சோப்புப் போட்டுக் குளிச்சான்னு எவனோ பாட்டே கட்டிட்டானாம்."

எட்னா அவனைப் புரட்டிப் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கி, பாட்டில் மருந்தைத் தேய்த்தாள். கையை அலசினாள். சமையல்கட்டில் நின்றபடியே தேநீர் போட்டு, கோப்பையின் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைத்து, குடித்தாள்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரம்.

கோப்பையைக் கீழே வைத்தாள். இன்னொரு கோப்பையை எடுத்து, காதைப் பிடித்துத் தூக்கி, விளிம்பைத் தொடாமல் குடித்தாள். வெறும் தேநீர். விளிம்பைத் துடைத்துவிட்டுக் குடித்தாள். வந்துவிட்டது. கையை முகர்ந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாளாக அந்த நெடியிலேயே கிடக்கிற மூக்கு அதை நெடி என்றே எண்ணுவதை விட்டுவிட்டது. நாக்கு மட்டும் இன்னும் விடவில்லை.

மூக்கில் இல்லை, நாக்கில் என்று அவளே சொன்னாள். தொட்டி மருந்தாக இருந்திருந்தால் மூக்கில்தானே முதலில் வந்திருக்கும்? இது அவளுக்குத் தெரியாத விஷயமா? நல்ல தூக்கம் தூங்கியிருந்தால் அந்த மேசையிலேயே தோன்றியிருக்கும். சமையல்கட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள். அதற்குக்கூடத் தெம்பு இல்லை.

ஆர்ச்சியிடம் சொன்னாள்.

"என் முதுகுல தேச்சதா?"

"ஆமா."

"யாருகிட்டயும் சொல்லாதே புள்ள. பீர் தானே, போயிருச்சு. இனி என்ன திரும்பியா வரப்போவுது?"

"ஹோரஸ் வீட்ல உக்காந்திருக்கான்."

"ரெண்டு நாள்ல கூப்பிட்டுக்குவாங்க. அவன விட்டா அந்த ஓட்டைக்குள்ள எவன் நுழைவான்? பெர்சியா? தொப்பை சிக்கிக்கும்."

"கூப்பிடலன்னா?"

அவனுக்கு இருமல் வந்து ஓய்ந்தது. "உனக்கு அந்த மேசைய விட்டா வேற என்ன இருக்கு எட்னா? இங்க வந்தா நான். அங்க போனா பசை. வாரத்துல அந்த ஒரு மணி நேரம்தான் நீ ஒரு ஆளு. அதையும் குடுத்துட்டு வரப் போறியா?"

அது உண்மை என்பதால் அவளுக்குக் கோபம் வந்தது. விளக்கைச் சின்னதாக்கிவிட்டு நாற்காலியில் கோட்டைப் போர்த்திக்கொண்டாள்.

சனிக்கிழமை ஆலை அரைநாள். எட்டரை மணிக்கெல்லாம் ஹாலிஸின் கதவைத் தட்டினாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நர்ஸ் கொடுத்த பாட்டில், கட்டைவிரல், தேநீர்க் கோப்பை. சொல்லி முடித்ததும் ஹாலிஸ் எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"ஆனா நானும் ருசி பாத்தேனே," என்றார். "எனக்கும் வந்துச்சே."

"நான் சொன்னதால வந்துச்சு சார்."

அவர் காது சிவந்தது. நாற்பது வருடமாக பீர் காய்ச்சுகிற மனிதர். இதை அவரிடம் சொல்ல வேண்டியிருந்ததே என்று எட்னாவுக்கு இருந்தது.

"அப்போ அது நல்ல பீரா?"

"மூக்குல வந்ததெல்லாம் வச்சுச் சொன்னா, இந்த வருஷத்துலயே நல்ல பீர் அதுதான் சார்."

ஹாலிஸ் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். தாழ்ந்த குரலில் பேசினார்.

"சரி. ட்ரோமன்ஸ் திங்கக்கிழமை வேலைக்கு வரட்டும். வீட்ல இருந்த நாளுக்கும் சேத்துச் சம்பளம் குடுத்துடலாம். தொட்டியச் சோதிச்சோம், தப்பு இல்லன்னு சொல்லிக்கலாம். இது இந்த அறைக்குள்ளயே இருக்கட்டும், மிஸஸ் ரேபோல்ட். வெளிய தெரிஞ்சா அப்புறம் இந்த மேசைய எவன் மதிப்பான்? உங்களையும் மதிக்க மாட்டான், என்னையும் மதிக்க மாட்டான்."

"அவன்கிட்ட சொல்லணும் சார்."

"வேலை திரும்பக் கிடைக்குதே. அது போதாதா?"

"போதும்னு நீங்களும் நானும் சொல்லக்கூடாது சார். அப்புறம் இன்னொண்ணு. என்னைக் கொஞ்ச நாள் மேசையிலருந்து விட்டுடுங்க. என்னால முடியல."

இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவள் நினைத்து வரவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு உடம்பு கொஞ்சம் லேசானது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுக்காரியை ஒரு மணிவரை ஆர்ச்சியோடு இருக்கச் சொல்லிவிட்டு, ரயில் பாலத்துக்குப் பின்னால் இருக்கும் காய்கறித் தோட்டங்களுக்குப் போனாள். ஹோரஸ் தன் துண்டு நிலத்தில் அவரைக் கொடிக்குக் குச்சி கட்டிக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் கயிற்றை விடவில்லை.

"என்ன, மகாராணி. என் அவரைக்காயும் நாறுதான்னு பாக்க வந்தியா?"

அவள் சொன்னாள். அவன் கயிற்றை முடிந்துகொண்டே கேட்டான். முடிச்சு முடிந்தும் அதையே பிடித்துக்கொண்டிருந்தான்.

"அப்போ என் தொட்டி சுத்தமா இருந்துச்சு."

"சுத்தமா இருந்துச்சு."

"பதினோரு வருஷம்," என்றான் ஹோரஸ். "பதினோரு வருஷமா அந்த இருட்டுக்குள்ள முட்டி போட்டுத் தேச்சிருக்கேன். ஒருத்தன், ஒரே ஒருத்தன், தொட்டி நல்லா இருக்குடான்னு சொன்னதில்ல. நீ ஒரு தடவ நல்லா இல்லன்னே. ஊரே நம்பிடுச்சு. என் பொண்டாட்டிகூடக் கேட்டா, நெஜமா மூணு தடவ அலசுனியான்னு."

"மன்னிச்சிக்க ஹோரஸ்."

"மன்னிப்ப நான் என்ன செய்ய? அவரைக்குப் போடவா?" கயிற்றைக் கீழே எறிந்தான். "பெல்லோஸ்ல பன்னெண்டு மணிக்குத் தொறப்பாங்க. என்கிட்ட சொன்னத அங்க வந்து சொல்லு. ஆம்பளைங்க உக்கார்ற கூடத்துல. என் முகத்தப் பாத்துப் பாட்டுப் படிச்சவனுங்க முன்னால."

பெண்கள் அந்தக் கூடத்துக்குள் போவதில்லை. அவர்களுக்குப் பின்பக்கம் சின்ன அறை உண்டு. ஹாலிஸ் கேட்டுக்கொண்டதும் நினைவுக்கு வந்தது. எட்னா ஒரு நிமிஷம் அந்தப் பாத்தியைப் பார்த்தாள்.

"நடக்கலாம் வா," என்றாள். "ஆனா மெதுவா நட. எனக்குக் கால் வலிக்குது."

பெல்லோஸில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். கதவு திறந்ததும் ஒருவன் குரல் கொடுத்தான்: "டேய், கிளாஸையெல்லாம் மூடுங்கடா! சோப்பு வந்துருச்சு!" சிரிப்பு எழுந்து, ஹோரஸுக்குப் பின்னால் எட்னா நுழைந்ததும் நின்றது. கடை மேடைக்குப் பின்னால் பீர் ஊற்றிக்கொண்டிருந்த ஐடா கையை நிறுத்தினாள்.

"எட்னா? ஆர்ச்சிக்கு ஏதாவது..."

"இல்ல ஐடா. ஆர்ச்சி நல்லாத்தான் இருக்காரு." எட்னா ஒரு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். புதன்கிழமை கொட்டுன பீர்ல ஒரு குறையும் இல்ல. ஹோரஸ் தொட்டியிலயும் ஒரு குறையும் இல்ல. குறை என் கையில இருந்துச்சு. ஆர்ச்சியோட படுக்கைப் புண்ணுக்குத் தேய்க்கிற மருந்து. அது கிளாஸ்ல ஒட்டி, நான் அதத்தான் ருசி பாத்தேன். தப்பு என்னோடது. அவ்வளவுதான்."

மூலையில் இருந்த கிழவர் ஒருவர், பல் இல்லாத வாயால் மெதுவாகக் கேட்டார்:

"அப்போ நாற்பது பீப்பாய் மைல்டு ஆர்ச்சியோட குண்டியாலயா போச்சு?"

கூடமே வெடித்தது. ஒருவன் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். "அடப்பாவி, கட்டில்ல கிடந்துக்கிட்டே ஊருக்கே பீர் இல்லாம பண்ணிட்டானே!" என்றான் இன்னொருவன். "நான் போய் அவனப் பாக்கணும். கைகுடுக்கணும் அவனுக்கு." எட்னாவுக்கும் உதடு கோணிற்று. சிரிப்பா வேறேதாவதா என்று அவளுக்கே தெரியவில்லை. ஹோரஸ் மட்டும் சிரிக்கவில்லை. பாட்டுக் கட்டியவன் எழுந்து அவனிடம் வந்து, "சரி விடு ஹோரஸ். நாங்க சும்மா..." என்று இழுத்தான்.

"நீ சும்மாதான்," என்றான் ஹோரஸ். "என் கிளாஸ ஊத்து, ஐடா."

ஐடா வெளியே வந்து எட்னாவின் தோளைப் பிடித்துப் பின்னறைக்குக் கூட்டிப்போனாள். அங்கே யாரும் இல்லை. சுவரோரப் பெஞ்சில் உட்காரவைத்து, அரை கிளாஸ் மைல்டும் வெங்காயமும் பாலாடைக்கட்டியும் வைத்த ஒரு ரொட்டியும் கொண்டுவந்து வைத்தாள்.

"ஆளுக்கு ஒண்ணுன்னு அளந்தில்ல ஊத்துற?"

"இது நான் குடிக்க வச்சது. குடி கண்ணு. உன் முகத்தப் பாத்தா பொணம் மாதிரி இருக்கு."

எட்னா கிளாஸை எடுத்தாள். பழக்கத்தில் மூக்கருகே கொண்டுபோனாள். வறுத்த பார்லியா, பாகா, எது முதலில் வருகிறது என்று பார்க்க நினைத்தாள். மனம் அதில் நிற்கவில்லை. குடித்தாள். ஈரமாக, லேசான இனிப்பாக இருந்தது. நல்லதா கெட்டதா என்று யாரும் அவளைக் கேட்கவில்லை. இன்னொரு வாய் குடித்தாள். ரொட்டியில் ஒரு கடி கடித்தாள். சுவர்ப்பலகை முதுகுக்குச் சூடாக இருந்தது. மூன்றாவது வாய்க்குக் கிளாஸைத் தூக்கியது அவளுக்கு நினைவில்லை.

கண் விழித்தபோது ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. யாருடைய கோட்டோ மேலே போர்த்தியிருந்தது. முன்கூடத்தில் சத்தமே இல்லை. ஐடா எதிரில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள்.

"மணி என்ன?"

"நாலே கால்."

எட்னா துள்ளி எழுந்தாள். "ஐயோ, ஆர்ச்சி! பக்கத்து வீட்டுக்காரி ஒரு மணிக்கே போயிருப்பாளே!"

"உக்காரு. ஹோரஸ் போயிருக்கான். எழுப்பலாம்னுதான் வந்தான். ஒன்னப் பாத்துட்டு, 'தூங்கட்டும், நான் அந்தப் பக்கம்தான் போறேன்'னான். அவன் வீடு இந்தப் பக்கம்ல இருக்கு?"

ஐடா அதற்குமேல் சொன்னதை எட்னா கேட்கவில்லை. பாதி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தாள். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே இரண்டு ஆண்களின் குரல் உரக்கக் கேட்டது. யாருக்கோ உடம்பு முடியாமல் போய்விட்டது என்று நினைத்துத் திறந்தாள். ஆர்ச்சி மூன்று தலையணைகளில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான். ஹோரஸ் அவள் நாற்காலியில் இருந்தான். 1934ஆம் வருடம் ஒரு கால்பந்து ஆட்டத்தில் கோல் விழுந்தது வலது காலாலா இடது காலாலா என்பது தகராறு.

"நான் அங்க நின்னேன்டா!" என்று கத்தினான் ஆர்ச்சி. இருமினான். ஹோரஸ் எழுந்து, ஒரு கையை அவன் முதுகுக்குப் பின்னால் கொடுத்து முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். இருமல் தணிந்ததும் பழையபடி சாய்த்தான். குறுகிய இடங்களில் வேலை செய்து பழகிய கை அது. எதையும் இடிக்கவில்லை.

"நீ நின்ன. ஆனா பாக்கல. குடிச்சிருந்த," என்றான் ஹோரஸ்.

பிறகுதான் எட்னாவைப் பார்த்தான். நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்துக்கொண்டான்.

"ரெண்டு தடவ மூச்சு முட்டுச்சு. தூக்கி உக்கார வச்சேன். சூப்பு குடுத்தேன், பாதி குடிச்சான். மீதி சட்டையில இருக்கு."

"ஹோரஸ்..."

"ஆரம்பிக்காதே. எனக்கு இன்னும் ஒம்மேல கோவம் போகல."

"தெரியும்."

"நாளைக்குக் காலையில ஆறு மணிக்குத் தொட்டி. புதன்கிழமை நீ மேசைக்கு வரலயாமே. யாரு சொல்லுவா இனி, பீர் எப்படி இருக்குன்னு? பெர்சியா?"

"பெர்சியும் மிஸ்டர் ஹாலிஸும்."

"அந்தாளு சாக்கடத் தண்ணியக் குடுத்தாலும் பிரமாதம்பாரு." தொப்பியைத் தலையில் வைத்து அழுத்தினான். "வியாழக்கிழமை ராத்திரி எனக்கு வேலை இல்ல. வந்து இவன்கூட உக்காருவேன். நீ மாடியில போய்ப் படு. இவனுக்கு அந்தக் கோல் எந்தக் கால்னு புரிய வைக்க ஒரு ராத்திரி வேணும்."

அவன் போன பிறகு எட்னா கணவனின் சட்டையைக் கழற்றி வேறு மாட்டினாள். ஆர்ச்சி களைத்துப்போயிருந்தான். ஆனால் கன்னத்தில் கொஞ்சம் நிறம் இருந்தது.

"பெல்லோஸ்ல என்ன சொன்னானுங்க?" என்று கேட்டான்.

அவள் சொன்னாள். கிழவர் கேட்ட கேள்வியையும் அப்படியே சொன்னாள். அவன் சிரிக்க முயன்று, மூச்சுப் பற்றாமல், கையை மட்டும் ஆட்டினான். அவள் அவன் முதுகை நீவிக்கொண்டே நின்றாள். வெளியே யாரோ தெருவில் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். வியாழக்கிழமைக்கு இன்னும் நாலு இரவு இருந்தது.